மாவுக் காசு

2009ல காலேஜ் அட்மிஷன் ஃபார்ம்ல 'தாயாரின் தொழில்'னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல நான் என் கையாலயே 'இல்லத்தரசி'ன்னு எழுதுனேன். அன்னிக்கு அந்த ஃபார்மோட சேர்த்து கட்டுன பணம் மொத்தமும் அம்மா மாவு வித்த காசு. எல்லாம் பத்து ரூபாயும் இருபது ரூபாயும், கட்டுக்கட்டா ரப்பர் பேண்டு போட்டு எடுத்துட்டுப் போனோம், கவுண்டர்ல இருந்தவரு எண்ணி முடிக்கறதுக்குள்ள சலிச்சுப்போயிட்டாரு. நோட்டுல எல்லாம் லேசா புளிச்ச மாவு வாசம். அந்த வாசத்தோட நின்னுக்கிட்டுதான் இல்லத்தரசின்னு எழுதுனேன், ஒரு செகண்டு கூட கை தயங்கல. பக்கத்துல நின்ன அம்மாவும் அதைப் படிச்சுப் பாத்துட்டு சரின்னு தலையாட்டுச்சு.

எங்க வீடு திருச்சி உறையூர்ல. 2001ல அப்பா வேலை பாத்த பட்டறைல ஆர்டர் குறைஞ்சு வாரத்துக்கு மூணு நாள்தான் வேலைன்னு ஆகிப்போச்சு, அப்போ அம்மா காதுல கிடந்த தோடைக் கழட்டி அடகு வச்சு ஒரு அஞ்சு லிட்டர் கிரைண்டர் வாங்குச்சு. ஏன் தோடுன்னா அம்மா பேர்ல இருந்த ஒரே சொத்து அதுதான். வீடு தாத்தா பேர்ல இருந்து அப்பா பேருக்கு வந்தது. பொறந்த வீட்டு நிலத்துல பொண்ணுங்களுக்கும் பங்கு உண்டுன்னு தமிழ்நாட்டுல 1989ல சட்டம் வந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாதுன்னு அதுலயே இருந்துச்சு, அம்மாவுக்குக் கல்யாணம் ஆனது 1986. அப்புறம் 2005ல மத்திய சட்டத்துல அதை மாத்துனாங்க, அதுக்குள்ள மாமா நிலத்தை வித்து வீடு கட்டிட்டாரு, கேட்டா பொறந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியாதுன்னு அம்மா கேக்கவே இல்ல. நான் பாத்த வரைக்கும் இட்லி கடை போட்டவங்க, பூ கட்டி விக்கறவங்க, தையல் மிஷின் வாங்குனவங்க யாரைக் கேட்டாலும் மொதல் போட்ட கதை ஒரு தோடுலயோ ஒரு மூக்குத்தியிலயோதான் ஆரம்பிக்கும். வேற எதுவும் அவங்க கையில இல்லைங்கறதுதான் காரணம்.

வேலை என்னன்னு சொல்றேன், ஏன்னா மாவு விக்கறதுன்னா ஏதோ சும்மா கரண்டில அள்ளிக் குடுக்கற மாதிரிதான் எல்லாரும் நினைக்கறாங்க. காலைல சமையல் முடிச்சு எங்களை அனுப்பிட்டு பத்து மணிக்கு அரிசி களைஞ்சு ஊறப்போடணும், உளுந்து அப்புறம், வெந்தயம் தனி. உளுந்து புதுசா பழசான்னு பாக்கணும், பழசுன்னா பொங்காது, அதுக்கு அளவைக் கூட்டணும். வெயில் காலத்துல கல்லு சூடாச்சுன்னா உளுந்து மாவு அப்படியே அமுங்கிப்போயிரும், அதுக்கு ஐஸ் தண்ணி தெளிச்சு தெளிச்சு அரைக்கணும். அரிசி மாவும் உளுந்து மாவும் கையாலதான் கலக்கணும், முழங்கை வரைக்கும் உள்ள விட்டு. அப்புறம் நாலு மணில இருந்து எட்டு மணி வரைக்கும் வாசல்ல ஆள் வந்துட்டே இருக்கும். சித்திரைல "அக்கா நேத்து மாவு புளிச்சிருச்சு"ன்னு ஒரு சண்டை, மார்கழில "அக்கா மாவு பொங்கவே இல்ல"ன்னு ஒரு சண்டை, ரெண்டுக்கும் அம்மாதான் மன்னிப்பு கேக்கும். கடைசில கிரைண்டர் கழுவணும். அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவித் தூக்கிக் கழுவித்தான் அம்மாவோட வலது மணிக்கட்டு போச்சு. இப்பவும் ராத்திரி எண்ணெய் தேச்சு துணி கட்டிட்டுதான் படுக்கும்.

2012ல கரண்ட் கட்டு உச்சத்துல இருந்தப்போ சென்னைக்கு ரெண்டு மணி நேரம்னா எங்க ஊர் பக்கமெல்லாம் பத்து மணி நேரத்துக்கு மேல போகும், எப்போ வரும் எப்போ போகும்னு ஒரு கணக்கே கிடையாது, அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு கரண்ட் இருக்கறப்பவே அரைச்சு வச்சிட்டு மறுபடி அஞ்சரைக்கு எந்திரிக்கும். நாங்க எல்லாம் கிரைண்டர் சத்தம் தூக்கத்தைக் கெடுக்குதுன்னு போர்வைய இழுத்துப் போத்திக்குவோம். அந்த சத்தத்துக்கு நடுவுல ஒரு ஆள் நின்னுட்டு இருக்குன்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு அடைக்குது.

2022ல நான் லீவுல வந்தப்போ அம்மாவோட டைரிய வச்சு ஒரு கணக்கு போட்டேன். ஒரு நாளைக்கு இட்லி அரிசி 8 கிலோ 320 ரூபா, உளுந்து 2 கிலோ 240, வெந்தயம் உப்பு 15, கரண்ட் சுமாரா 25, கவர் 20, மொத்தம் 620. மாவு 26 கிலோ வரும், கிலோ 35 ரூபான்னு 910. ஆக மிச்சம் 290 ரூபா. அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம், பாத்தியா ஒரு நாளைக்கு முன்னூறு ரூபா லாபம்னு. நான் கேட்டேன், இதுல உன் கூலி எங்கம்மா? அம்மா புரியாம பாத்துச்சு. கடைக்குப் போய் சாமான் வாங்கறதுல இருந்து கிரைண்டர் கழுவறது வரைக்கும் ஏழு மணி நேரம் ஆகுது, அதே தெருவுல மெஸ்ல மாவு அரைக்கற ஆளுக்கு நாளைக்கு 500 ரூபா, சாப்பாடு, டீ. அவரை எல்லாரும் 'மாஸ்டர்'னு கூப்புடுவாங்க. அம்மா கூலிய செலவுல போட்டோம்னா லாபமே கிடையாது, நஷ்டம். நாம லாபம்னு சொல்றது எல்லாமே அம்மாவோட பாதிக் கூலிதான். இதுல வீட்டுக்குன்னு எடுக்கற ஒரு கிலோ மாவு, தண்ணி, கிரைண்டர் தேய்மானம் எதுவுமே வரல.

அம்மா சொன்ன பதில்: "நம்ம வீட்டு வேலைக்கு யாராவது கூலி போடுவாங்களா?"

அம்மா வாயிலயே இது வீட்டு வேலைன்னுதான் வருது. தப்பும் சொல்ல முடியல, ஏன்னா எங்க வீட்டுல கோடு எங்க இருக்குன்னே தெரியாது. கிரைண்டர் ஓடும்போதே அடுப்புல சோறு வெந்துட்டு இருக்கும், ஒரு கைல மாவு தள்ளிவிட்டுட்டே தங்கச்சிக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுக்கும். அந்த அரை மணி நேரத்தை எந்தக் கணக்குல எழுதறது? 2019ல மத்திய அரசு நேரப் பயன்பாட்டு சர்வேன்னு ஒண்ணு எடுத்தாங்க, அதுல காசு வராத வீட்டு வேலைக்கு பொண்ணுங்க ஒரு நாளைக்கு 299 நிமிஷம் செலவு பண்றாங்க, ஆம்பளைங்க 97 நிமிஷம்னு வந்துச்சு. அந்த 97 கூட வீட்டு வேலை செய்யற ஆம்பளைங்களோட சராசரிதான், நாலுல ஒரு பங்கு ஆம்பளைங்கதான் அதைத் தொடவே தொடறாங்க. 299 நிமிஷம்னா அஞ்சு மணி நேரம், அதுக்கு மேல அம்மாவுக்கு மாவு ஏழு மணி நேரம். 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், பெண்களுக்கு வாய்ப்பு'ன்னு விளம்பரம் பாக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ரெண்டு நம்பரையும் கூட்டிப் பாக்கத் தோணும். வீட்டிலிருந்தேன்னா என்ன அர்த்தம்? வீட்டு வேலைல ஒரு துரும்பையும் யாரும் எடுத்துப் போட மாட்டோம், நீ அதையும் பாத்துக்கிட்டு இதையும் பாருன்னுதானே.

எங்க அப்பா நல்லவர்தான், அதையும் சொல்லணும். குடிக்க மாட்டார், அரிசி மூட்டைய அவர்தான் சைக்கிள்ல வச்சு கொண்டு வருவார். ஆனா வாரத்துக்கு மூணு நாள் வேலைக்குப் போன அந்த வருஷங்கள்லயும் 'சம்பாதிக்கறவர்' அவர்தான், வாரம் ஏழு நாளும் அரைச்ச அம்மா 'கைச்செலவுக்கு ஏதோ பண்ணுது'. அப்பா சம்பளம் கவர்ல வந்துச்சு, அதுக்கு ஒரு தேதி இருந்துச்சு, அதை வச்சு ஒரு சீட்டு போட்டாங்க வண்டி வாங்குனாங்கன்னு ஒரு அடையாளம் இருந்துச்சு. அம்மா காசு அன்னன்னிக்கு பால், காய், ரீசார்ஜ், நோட்புக், ஊசி மருந்துன்னு வீட்டுக்குள்ளயே கரைஞ்சிரும். நாங்க மூணு வேளை சாப்பிட்டதுக்கு எல்லாம் ரசீது கிடையாதே.

அப்பா 2018ல வேலைய விட்டுட்டு வீட்ல உக்காந்தார். சாயந்திரம் வாசல்ல சேர் போட்டு அவர் காசு வாங்கிப் போட ஆரம்பிச்சார், ரெண்டே மாசத்துல அரிசி கடைக்காரர் அவரை 'முதலாளி'ன்னு கூப்புட ஆரம்பிச்சிட்டாரு. பதினேழு வருஷமா அம்மாவை 'மாவுக்காரம்மா'ன்னு கூப்பிட்ட அதே மனுஷன். அப்புறம் கொரோனா வந்துச்சு, எல்லாரும் ஜிபே பண்றோம்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, வீட்ல ஸ்மார்ட்ஃபோன் இருந்தது அப்பாகிட்ட, அதனால க்யூஆர் ஸ்டிக்கர் அப்பா பேர்ல வந்துச்சு. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல, நான்தான் ஃபோன்ல வழி சொல்லிக்குடுத்து அதைப் போட வச்சேன், அப்போ ரொம்ப பெருமையா வேற இருந்துச்சு. ஆறு மாசம் கழிச்சு வந்து பாத்தா அம்மா முப்பது ரூபா பூ வாங்கறதுக்கு அப்பாகிட்ட காசு கேட்டு நிக்குது. அதுவரைக்கும் சாயந்திரக் காசு கடுகு டப்பாவுல விழும், எவ்வளவு இருக்கு எங்க இருக்குன்னு அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், எங்களுக்கு அவசரம்னா அதுல இருந்துதான் கை நிறைய வரும். இப்ப காசு கண்ணுலயே படாம நேரா அப்பா அக்கவுண்டுக்குப் போகுது. மாவு அதே மாவு, கை அதே கை, ஒரு ஸ்டிக்கர் அந்தக் கையில இருந்ததை எடுத்துட்டுப் போயிருச்சு. டிஜிட்டல்னா முன்னேற்றம்னு எல்லாரும் சொல்றப்போ யார் பேர்ல இருக்கற டிஜிட்டல்னு ஒரு கேள்வி கேக்கணும்னு எனக்கு அன்னிக்குதான் உறைச்சது.

லோன் கதை வேற. முன்னாடி தண்டல்தான், 10,000 கேட்டா 1,500 பிடிச்சுக்கிட்டு 8,500 கைல வரும், நாளைக்கு 100 ரூபான்னு நூறு நாள் கட்டணும், ஒரு நாள் மாவு விக்கலன்னாலும் சாயந்திரம் வண்டி வந்து நிக்கும். அப்புறம் குழு லோன் வந்துச்சு, பத்து பொம்பளைங்க சேர்ந்து கையெழுத்து போடணும், ஒருத்தி கட்டலன்னா மத்தவங்க கட்டணும். ஒரு தடவை குழுவுல ஒரு அக்கா வீட்டுக்காரருக்கு ஆக்சிடென்ட் ஆகி அந்த வாரம் கட்ட முடியல, வசூலுக்கு வந்தவர் பணம் வராம எந்திரிக்க மாட்டேன்னு அந்த அக்கா வீட்டுத் திண்ணைல உக்காந்துட்டார், மத்த ஒம்பது பேரும் ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் அங்கயே நின்னாங்க, கடைசில ஆளுக்குக் கொஞ்சம் போட்டு கட்டுனாங்க. அந்த அக்கா அதுக்கப்புறம் எங்க வீட்டுப் பக்கம் வர்றதையே நிறுத்திடுச்சு. பொம்பளைங்க ஒழுங்கா கட்டிருவாங்கன்னு கம்பெனிங்க பெருமையா சொல்லிக்கறாங்களே, அது எப்படி வருதுன்னா இந்த வெக்கத்துல இருந்துதான் வருது, ஒருத்தி மானத்தை இன்னொருத்திகிட்ட அடகு வச்சு. 2025ல தமிழ்நாட்டுல கடன் வசூல்ல மிரட்டுறதைத் தடுக்க ஒரு சட்டம் வந்திருக்கு. திண்ணைல வந்து உக்காந்து நகர மாட்டேன்னு சொல்ற ஆள்கிட்ட அதைக் காட்டற தைரியம் எங்க தெருவுக்கு வரணும், அதுக்கு ஒருத்தி மட்டும் பேசுனா போதாது.

சேர்ந்து பேசறதுன்னதும் எனக்கு எப்பவும் ஞாபகம் வர்றது அகமதாபாத் சேவா, சுயதொழில் செய்யற பொண்ணுங்களோட சங்கம். 1972ல அதை ஆரம்பிச்ச இலா பட், தலை சுமை தூக்கற பொண்ணுங்க, பழைய துணி விக்கறவங்க, காய்கறி விக்கறவங்க எல்லாரையும் சேர்த்து யூனியன் பதிவு பண்ணப் போனாங்க, அங்க இருந்த அதிகாரி முடியாதுன்னுட்டார். ஏன்னா உங்களுக்குத்தான் முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்து போராடுவீங்கன்னு கேட்டாராம். யூனியன் யாரையும் எதிர்க்கறதுக்கு மட்டும் இல்ல, தொழிலாளிங்க ஒண்ணா இருக்கறதுக்குன்னு இவங்க விடாம நின்னு பதிவு வாங்குனாங்க. 1974ல நாலாயிரம் பொண்ணுங்க ஆளுக்குப் பத்து ரூபா போட்டு சொந்தமா ஒரு பேங்கே ஆரம்பிச்சாங்க. 'முறைசாரா', 'அமைப்புசாரா'ங்கற வார்த்தையே இலா பட்டுக்குப் பிடிக்காது, சுயதொழில் செய்யறவங்கன்னு சொல்லுங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்க. நம்ம சென்னைலயும் 1978ல ஜெயா அருணாசலம் உழைக்கும் மகளிர் அமைப்ப ஆரம்பிச்சது இந்த மாதிரி கூடைய வச்சு விக்கற பொண்ணுங்களுக்கு வட்டிக்காரங்க பிடியில சிக்காம சின்னக் கடன் கிடைக்கணும்னுதான். இதெல்லாம் நான் இருபத்தஞ்சு வயசுக்கு மேலதான் தெரிஞ்சுக்கிட்டேன். பொருளாதாரம் படிச்ச பொண்ணு நான், எங்க அம்மா எந்தப் பாடத்துல வருதுன்னு எனக்கு யாரும் காட்டல.

இன்னொரு விஷயம், பெண்ணியம் பேசற நாமளும் இதுல ரெண்டு பக்கமும் தப்பு பண்றோம்னு எனக்குப் படுது. ஒரு பக்கம், வெளிய போய் சம்பளம் வாங்குனாத்தான் விடுதலைன்னு நினைச்சுக்கிட்டு இந்த வாசப்படி வியாபாரத்தை எல்லாம் கணக்குல சேர்க்காம விட்டுடறோம். இன்னொரு பக்கம் 'சிங்கப்பெண்', 'தொழில்முனைவோர்'னு ஃபோட்டோ போட்டு ஹார்ட் விட்டுட்டுப் போயிடறோம், மணிக்கட்டு பத்தி யாரும் கேக்கறதில்ல. அம்மாவுக்கு விருது வேணாம். கல்லைத் தூக்கிக் கழுவ ஒரு ஆள் வேணும், அறுபது வயசுக்கு மேல மாசம் ஒரு தொகை வேணும், அரைக்கறதுக்கு வார்டுக்கு ஒரு பொது இடம் வேணும், அங்க தண்ணியும் கரண்டும் வேணும்.

இவ்வளவு சொல்றேன், ஆனா மாவ விட்டுரும்மான்னு நான் சொன்னப்போ அம்மாவுக்கு வந்த கோபத்தை நீங்க பாத்திருக்கணும். "இந்தத் தெருவுல என்னைத் தெரியாதவங்க யாரு இருக்கா? நான் யார்கிட்டயும் போய் கை நீட்டுனதில்ல"ன்னு சொல்லுச்சு. நெசம்தான். தங்கச்சி இன்ஜினியரிங் வேணாம் நர்சிங் படிக்கறேன்னு சொன்னப்போ வீடே எதிர்த்துச்சு, அம்மா மட்டும்தான் ஃபீஸ் நான் கட்டறேன்னு சொல்லி முடிச்சு வச்சது. அந்த ஒரு வார்த்தை கடுகு டப்பாவுல இருந்து வந்த தைரியம். பாதிக் கூலிதான், ஆனாலும் அது அம்மா கையில இருந்த வரைக்கும் அம்மா பேச்சுக்கு வீட்ல ஒரு எடை இருந்துச்சு. அதனாலதான் ஸ்டிக்கர் விஷயம் எனக்கு அவ்ளோ வலிச்சது.

2023 செப்டம்பர்ல மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபா வர ஆரம்பிச்சப்போ ஒரு கூத்து. வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல கரண்ட் ஓடுற வீட்டுக்குக் கிடையாதுன்னு விதி. ரெண்டு மாச பில்லுக்கு 600 யூனிட். எங்க வீட்டுல கிரைண்டரும் மாவு வைக்கற ஃப்ரிட்ஜும் சேர்ந்து 560, 570ன்னு ஓடும், கோடைல தாண்டிருமோன்னு அம்மா ஒவ்வொரு பில்லையும் எடுத்து வச்சு கூட்டிக் கூட்டிப் பாத்துச்சு. பொண்ணுங்களோட சம்பளமில்லாத உழைப்புக்கு மரியாதைன்னு சொல்லிக் குடுக்கற காசு, அதை உழைக்கற மிஷின் ஓடுற யூனிட்டே தடுத்துருமோன்னு பயம். நல்லவேளை வந்துருச்சு. எனக்கு அந்தத் திட்டத்துல பிடிச்சதே அதோட பேர்தான், உதவின்னு வைக்காம உரிமைன்னு வச்சது.

அந்தக் காசுக்காக அம்மா பேங்க் அக்கவுண்டுல ஃபோன் நம்பர் மாத்துனோம், நான் ஒரு ஃபோன் வாங்கிக் குடுத்தேன், கையோட க்யூஆரையும் அம்மா பேருக்கு மாத்திட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லல, ரெண்டு நாள் வாசல்ல உக்காரல, அவ்ளோதான். அப்புறம் வந்து உக்காந்தார். இப்போ கிரைண்டர் கல்லை அவர்தான் தூக்கித் தர்றார், கழுவறது இன்னும் அம்மாதான்.

விலைய 35ல இருந்து 40 ஆக்கச் சொல்லி ஒரு வருஷம் சண்டை போட்டேன், அதுவும் நடந்துருச்சு. அடுத்து ஒரு போர்டு வைக்கலாம்மான்னு கேட்டேன், உன் பேர்லயே வைக்கலாம்னு. அம்மா உடனே வேணாம்னுடுச்சு. போர்டு வச்சா ஈபிகாரர் கண்ணுல படும், கமர்ஷியல் லைனுக்கு மாத்துன்னு சொல்லுவாங்க, அப்புறம் மிச்சம் எங்கன்னு கேட்டுச்சு. உணவுப் பாதுகாப்பு பதிவாவது பண்ணலாம், சின்ன வியாபாரத்துக்கு வருஷத்துக்கு நூறு ரூபாதான்னு சொல்லிப் பாத்தேன். நூறு ரூபாக்கு பயமில்லடி, பேரைக் குடுத்துட்டா அப்புறம் யார் யாரு வருவாங்கன்னு நமக்குத் தெரியுமான்னுச்சு. என்கிட்ட பதில் இல்ல. கணக்குல வரணும்னு நான் சொல்லிட்டே இருக்கேன், கணக்குல வராததாலதான் இத்தனை வருஷம் ஓடுச்சுன்னு அம்மாவுக்குத் தெரியும், ரெண்டுமே நெசம், இதுக்கு நடுவுல நான் எங்க நிக்கறேன்னு இன்னும் எனக்கு முடிவாகல.

க்யூஆர் ஸ்டிக்கரை மட்டும் கேட்டோட உள்பக்கம் ஒட்டி வச்சிருக்கு அம்மா. தெருவுல இருந்து பாத்தா தெரியாது. கேட்டைத் தள்ளிட்டு உள்ள வந்து, தூக்கைக் கீழ வச்சிட்டு திரும்புனாதான் அம்மா பேர் கண்ணுல படும்.